மூன்றாம் மெஷினில் கிடந்த ஐந்து மாதம்

நான்கு வருடங்களுக்கு முன், ஆயுத பூசைக்கு ஒரு வாரம் இருக்கும்போது, காரைக்குடிக்குப் பக்கத்திலுள்ள ஒரு கல்லூரியின் வேதியியல் துறையிலிருந்து எனக்குப் போன் வந்தது. காரைக்குடியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். கானாடுகாத்தான் பக்கம் பழைய வீடுகளை ஹோட்டலாக்கியிருக்கிறார்களே, அந்தக் கனத்த சுவர்களுக்குள் வைஃபை கிடைக்கச் செய்வது, ஜவுளிக்கடைகளுக்குக் கேமரா மாட்டுவது என்று ஓடிக்கொண்டிருந்த பிழைப்பு. அதற்கு முன் கோயம்புத்தூரில் ஆறு வருடம் ஒரு கம்பெனியில் சர்வர் பார்த்தவன் நான். அதனால் சர்வர் வேலைக்கு இந்த வட்டாரத்தில் என்னை விட்டால் ஆள் கிடையாது என்ற நினைப்பு அப்போது கொஞ்சம் தூக்கலாகவே இருந்தது. அந்த நினைப்பு எப்படி இறங்கியது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

அந்தத் துறையில் நான்கு பெரிய மெஷின்கள் வாங்கியிருந்தார்கள். ஆராய்ச்சி செய்கிறவர்கள் மூலக்கூறுகளைப் பற்றிய கணக்குகளை அவற்றில் ஓட விடுவார்கள். ஒரு கணக்கு முடிய நாலைந்து நாள்கூட ஆகுமாம். அதிலிருந்து வரும் ஃபைல்கள் பிரம்மாண்டமானவை, பென் டிரைவில் எல்லாம் அடங்காது. ஆகவே நான்கு மெஷினுக்கும் பொதுவாக ஒரு ஃபைல் சர்வர் வைத்து, யார் எந்த மெஷினில் உட்கார்ந்து வேலை செய்தாலும் ஃபைல்கள் அந்தச் சர்வரில் போய்ச் சேருகிற மாதிரி அமைத்துத் தர வேண்டும். சர்வரில் இருப்பதெல்லாம் தினமும் தானாகவே வேறு ஒரு டிஸ்க்குக்குப் பேக்கப் ஆகவும் வேண்டும்.

இதை எப்படிச் செய்வோம் என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பின்னால் உதவும். ஒவ்வொரு மெஷினிலும் ‘பொது’ என்று ஒரு வெற்று ஃபோல்டரை உண்டாக்குவோம். சர்வரின் டிஸ்க்கைக் கொண்டுவந்து அந்த ஃபோல்டரின் மேல் பொருத்துவோம். பொருத்தியபின் ‘பொது’வைத் திறந்தால் சர்வரில் இருப்பவைதான் தெரியும். இதற்கு ஒரே ஒரு நிபந்தனை உண்டு. சர்வர் முதலில் ஓட வேண்டும். அது எழுந்து நின்று ஐந்து நிமிடம் கழித்துத்தான் மற்ற நான்கையும் போட வேண்டும். சர்வர் தூங்கும்போது மெஷினைப் போட்டால், மெஷின் தேடிப் பார்த்துவிட்டு, கிடைக்கவில்லை என்று பேசாமல் இருந்துவிடும். ‘பொது’ ஃபோல்டர் அப்போதும் இருக்கும். ஆனால் அது அந்த மெஷினுக்குள்ளேயே கிடக்கும் வெற்று ஃபோல்டர். அதில் யாரும் எழுத முடியாதபடி பூட்டி வைத்திருக்க வேண்டும். அவசரத்தில் நான் பூட்டவில்லை.

ஐந்து நாளில் வேலை முடிந்தது. மூன்றாம் மெஷினை ஒரு பெண்ணுக்கு ஒதுக்கியிருந்தார்கள். முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று வயதிருக்கும். கல்லல் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. முனைவர் பட்டத்துக்காக விடுப்பு எடுத்துக்கொண்டு, காலையில் டவுன் பஸ் பிடித்து வருவார். துறையில் எல்லாரும் அவரை டீச்சர் என்றே கூப்பிட்டார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். அவர் என்னை அண்ணே என்பார். ஃபைல் தொலைந்து போகாதே என்று கேட்டவர் அவர் ஒருவர்தான். நான் சிரித்துக்கொண்டு, உங்கள் ஃபைலுக்கு நான் பொறுப்பு, நிம்மதியாக இருங்கள் என்றேன். டிஸ்க் நிரம்பினால் கணக்கு பாதியில் நின்றுவிடும், அவ்வப்போது மிச்ச இடம் எவ்வளவு என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் என்றும் ஒரு வார்த்தை சொல்லி வைத்தேன்.

அடுத்து ஆயுத பூசை வந்தது. வேலை செய்யும் கருவியை அன்றைக்கு ஓய்வாக வைக்க வேண்டும் என்பதால் எல்லா மெஷின்களையும் நிறுத்தித் துடைத்தார்கள். குங்குமப் பொடி ஃபேனுக்குள் போய்விடுமே என்ற பயத்தில், முன்பக்கம் மட்டும் ஒரு பொட்டு போதும் என்று கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன். நான்கு மெஷின்களும் நல்ல உயரமாக, வரிசையாக மேசைமேல் இருந்தன. நான்குக்கும் சந்தனம், குங்குமம், ஆளுக்கொரு செவ்வந்திச் சரம். ஃபைல் சர்வர் பின்னால் சுவரோரம் கீழ்த்தட்டில், பழைய ஸ்டெபிலைசர் மாதிரி கிடந்தது. அதற்கு யாரும் பொட்டு வைக்கவில்லை.

மறுநாள் விஜயதசமி. புதிதாக எதையும் தொடங்க நல்ல நாள். நல்ல நேரத்துக்குள் மெஷின்களை ஓட விட்டுவிட வேண்டும் என்று துறைத்தலைவர் சொல்லியிருந்தார். பூசை முடிய நேரமாகிவிட்டது. இன்னும் பத்து நிமிடம்தான் இருக்கிறது என்று எல்லாரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதல் மெஷினைத் துறைத்தலைவர் போட்டார். இரண்டாவதை ஒரு பேராசிரியை போட்டார். அவர்தான் டீச்சரின் ஆராய்ச்சி வழிகாட்டி, மேடம் என்று சொல்லிக்கொள்கிறேன். மூன்றாவதை டீச்சரே போடட்டும் என்றார்கள். அவர் மெஷினைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போட்டார். நான்காவதைத் துறையில் கூட்டிப் பெருக்கும் அம்மாவைப் போடச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

சர்வரை அல்லவா முதலில் போட வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். நல்ல காரியத்தில் குறுக்கே பேசுவானேன், அப்புறம் கையாலேயே நான்கையும் பொருத்திவிட்டால் போச்சு என்று விட்டுவிட்டேன். பொரி, கடலை, சுண்டல் எல்லாம் கைக்கு வந்தது. கூட்டம் கலைந்தபின் சர்வரைப் போட்டுவிட்டு, ஒவ்வொரு மெஷினாகப் போய் ‘பொது’வைப் பொருத்தினேன். நடுவில் மானகிரி ஹோட்டல் ஒன்றிலிருந்து இண்டர்நெட் இல்லை என்று போன் வந்தது, பேசினேன். நான்கையும் செய்து முடித்ததாகத்தான் என் நினைவு. இன்றைக்குக் கேட்டாலும் மனசு நான்கு என்றுதான் சொல்கிறது. ஆனால் நான் செய்தது மூன்று. டீச்சருடைய மெஷின் விட்டுப்போனது.

அதை யாரும் கவனிக்க வழியே இல்லை. புதுச் சர்வர், எல்லாருக்கும் ‘பொது’ காலியாகத்தான் இருந்தது. டீச்சர் தன் மெஷினில் அதைத் திறந்து, தன் பெயரில் ஒரு ஃபோல்டர் போட்டு, அன்றைக்கே முதல் கணக்கை ஓட விட்டார். அவரவர் ஃபோல்டர்தான் அவரவருக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டாராம். ஃபைல்கள் சர்வருக்குப் போகவில்லை. அந்த மெஷினுக்குள்ளேயே, நான் பூட்டாமல் விட்ட வெற்று ஃபோல்டரில் சேர ஆரம்பித்தன. மின்தடை நாளில் ஜெனரேட்டர் ஓடியதால் மெஷின்கள் நிற்கவே இல்லை. இப்படியே ஐந்து மாதம் போனது. டீச்சர் தன் கணக்குகளிலிருந்து கிடைத்த படங்களையும் அட்டவணைகளையும் லேப்டாப்பில் எடுத்துக்கொண்டு போய் மேடத்திடம் காட்டுவார். நன்றாக வந்திருக்கிறது என்று மேடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் படங்களுக்கு ஆதாரமான பெரிய ஃபைல்கள் மட்டும் மெஷினில் இருந்தன.

பங்குனி உத்திரத்துக்கு டீச்சர் லீவு போட்டிருந்தார். அவர் வீட்டில் குன்றக்குடிக்குக் காவடி எடுக்கிற வழக்கம். அந்த வாரம் பார்த்து மாதாந்திர மின்தடை வந்தது, ஜெனரேட்டரும் பழுதாகிக் கிடந்தது. எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, மின்சாரம் வந்ததும் நானே போய்ப் போட்டேன். இந்தத் தடவை நல்ல நேரம் பார்க்க ஆளில்லை. முறையாகச் சர்வரை முதலில், மற்றவற்றைப் பின்னால். நான்கு மெஷினும் சர்வரோடு சமர்த்தாகச் சேர்ந்துகொண்டன. வேலை சுத்தமாக முடிந்தது என்ற திருப்தியோடு வீட்டுக்குப் போனேன்.

லீவு முடிந்து வந்த அன்றைக்கே டீச்சர் போன் செய்தார். தன் ஃபோல்டரைக் காணவில்லை என்றார். பதற்றம் இல்லை, ஏதோ இடம் மாற்றி வைத்திருப்பேன் என்ற நம்பிக்கையில் கேட்கிற குரல். போய்ப் பார்த்தேன். மற்றவர்களின் ஃபோல்டர்கள் எல்லாம் ‘பொது’வில் இருந்தன, அவருடையது இல்லை. தவறுதலாக அழித்திருப்பார், பேக்கப்பில் எடுத்துக் கொடுத்துப் பேர் வாங்கிக்கொள்ளலாம் என்று உற்சாகமாகத்தான் உட்கார்ந்தேன். நேற்றைய பேக்கப்பில் இல்லை. போன மாத பேக்கப்பில் இல்லை. முதல் நாளிலிருந்து எந்தப் பேக்கப்பிலும் அவர் பெயரில் ஒரு ஃபோல்டர்கூட இல்லை.

அழித்திருந்தால் அழித்த தடம் இருக்கும். இங்கே இருந்ததற்கே தடம் இல்லை. டீச்சர், நீங்கள் வேறு எங்கோ வைத்துவிட்டு இங்கே தேடுகிறீர்கள் என்றேன். அவர் இல்லை என்றார். கையில் வைத்திருந்த நீள நோட்டைத் திறந்து நீட்டினார்.

“எல்லாத்தையும் எழுதி வச்சிருக்கேண்ணே. இதுல ஒண்ணு எனக்குப் புரியலை. ஒரே ஒரு தடவை பாருங்களேன்.”

நான் வாங்கவில்லை. சர்வரே சொல்கிறது, நோட்டில் என்ன இருக்கப் போகிறது என்று நினைத்தேன். வாய்விட்டும் சொன்னேன், கொஞ்சம் எரிச்சலாகவே சொன்னேன்.

விஷயம் மேடத்துக்குப் போனது. அவர் கண்டிப்பானவர், ஆனால் நியாயமானவர். என்ன நடந்தது என்று தொழில் தெரிந்தவர் எழுத்தில் கொடுங்கள் என்றார். என் கடையின் லெட்டர்பேடில் எழுதிக் கொடுத்தேன். டீச்சரின் பெயரைப் போட்டு, அவர் பெயரில் எந்த ஃபோல்டரும் எந்த நாளிலும் இந்தச் சர்வரில் இருந்ததில்லை, பேக்கப்கள் அனைத்தையும் பரிசோதித்துவிட்டேன் என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, சீல் குத்தினேன். அந்தக் கடிதத்தில் ஒரு பொய்கூடக் கிடையாது. அதுதான் அதில் இருந்த கொடுமை.

அந்தக் கடிதம் என்ன செய்யும் என்று நான் யோசிக்கவே இல்லை. எந்த நாளிலும் ஃபைலே இருந்ததில்லை என்றால், ஐந்து மாதமாக டீச்சர் காட்டிய படங்களும் அட்டவணைகளும் எங்கிருந்து வந்தன? அவர் கணக்கு எதையும் ஓட விடவே இல்லையோ, எண்களைத் தானே போட்டுக்கொண்டாரோ என்ற கேள்வி வராமல் இருக்குமா? வந்தது. ஆராய்ச்சியில் அதைவிடப் பெரிய பழி இல்லை. அவர் ஆராய்ச்சியைப் பரிசீலிக்கும் குழு ஏப்ரல் கடைசியில் கூட இருந்தது. அதற்குள் மூல ஃபைல்களைக் காட்ட வேண்டும், காட்ட முடியாவிட்டால் குழு என்ன முடிவு செய்யுமோ அதுதான் என்று மேடம் சொல்லிவிட்டாராம். திரும்பவும் முதலிலிருந்து ஓட்டலாம் என்றால் அதற்கு ஐந்து மாதம் வேண்டும். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கிறது, டீச்சரின் விடுப்பு முடிகிறது.

இதெல்லாம் அங்கே வேலை பார்க்கும் ஒருவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. சங்கடமாக இருந்தது. ஆனால் என் மேல் சந்தேகம் துளிக்கூட வரவில்லை. பாவம், படித்த பெண், அவசரத்தில் ஏதோ செய்துவிட்டது என்று வீட்டில் சாப்பிடும்போது சொன்னேன். என் மனைவி, அந்தப் பிள்ளை அப்படிச் செய்யுமா என்று கேட்டாள். செய்யும் என்று நான் சொல்லவில்லை. செய்யாது என்றும் சொல்லவில்லை, இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றச் சொன்னேன்.

குழு கூடுவதற்குப் பத்து நாள் இருக்கும்போது, ஒரு சனிக்கிழமை, அந்தத் துறையில் எனக்கு வேலை இருந்தது. நான்கு மெஷின்களையும் துடைத்துவிட்டுப் புதிதாகச் சாஃப்ட்வேர் எல்லாம் ஏற்ற வேண்டும். துடைப்பது என்றால் மெஷினின் டிஸ்க்கில் இருப்பது எல்லாம் போய்விடும். மெஷினில் ஒன்றும் கிடையாது, எல்லாம் சர்வரில்தான் இருக்கிறது, கவலையே வேண்டாம் என்று துறைத்தலைவரிடம் நான்தான் தைரியம் சொல்லியிருந்தேன். டீச்சர் மட்டும், தன் மெஷினில் சில புரோகிராம்களை எழுதி வைத்திருப்பதாகவும் அவற்றை எடுத்துக்கொள்ள வருவதாகவும் சொல்லி அனுப்பியிருந்தார்.

பத்தரைக்குள் முதல் இரண்டு மெஷின்கள் முடிந்தன. டீச்சர் வரவில்லை, பஸ் தாமதமோ என்னவோ. நாலு வரி புரோகிராமுக்காக எவ்வளவு நேரம் காத்துக்கொண்டிருப்பது, மூன்றாவதையும் துடைத்துவிடுவோம் என்று, துடைத்து ஏற்றுவதற்கான பென் டிரைவை அதில் செருகிவிட்டேன். செருகியவன் தலை வலித்ததால் ஒரு டீ குடித்துவிட்டு வந்து செய்வோம் என்று கேண்டீனுக்குப் போனேன். திரும்பி வரும்போது டீச்சர் மெஷின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். இன்றைக்கும் எனக்கு டீ குடிக்கும்போது இது ஞாபகம் வரும்.

புரோகிராம்களை எடுத்துக்கொண்டபின், அவர் அந்த நோட்டை மறுபடி மேசைமேல் வைத்தார். இந்தத் தடவை நீட்டவில்லை. பிரித்து, கடைசிப் பக்கத்தில் விரல் வைத்தார்.

“நான் பொய் சொல்றேன்னே வச்சுக்கங்க. இது எப்படின்னு மட்டும் சொல்லுங்க சார். லீவுக்கு முந்துன நாள் மிச்ச எடம் எரநூத்திப் பன்னண்டு ஜிபி. லீவு முடிஞ்சு வந்து பாத்தா முப்பத்தாறாயிரம். என் ஃபைல் முச்சூடும் அழிஞ்சாலும் இம்புட்டு எடம் கூடாதே?”

அவர் என்னைச் சார் என்று கூப்பிட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை. அதைக்கூட அப்புறம்தான் உணர்ந்தேன். அந்த நேரத்தில் என் கண் அந்தப் பக்கத்தைவிட்டு நகரவில்லை. வருகைப் பதிவேடு எழுதிப் பழகிய கை. ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு, தேதி, மணி, எந்தக் கணக்கு, எப்போது முடிந்தது என்று ஒரு நாள் விடாமல் எழுதியிருந்தார். கடைசிக் கட்டத்துக்கு ‘மிச்ச இடம்’ என்று தலைப்பு. முதல் நாள் நான் போகிற போக்கில் சொன்னதை, ஐந்து மாதமும் தினமும் செய்திருக்கிறார். முதல் வரியில் எண்ணூற்றுச் சொச்சம். பக்கத்துக்குப் பக்கம் குறைந்துகொண்டே வந்து இருநூற்றுப் பன்னிரண்டு. அதற்குக் கீழே முப்பத்தாறாயிரத்துச் சொச்சம். அதற்கு எதிரே சின்னதாக ஒரு கேள்விக்குறி.

சர்வர் நாற்பதாயிரம் ஜிபி. அதில் மிச்ச இடம் எண்ணூறு என்று ஒரு நாளும் காட்டியிருக்க முடியாது. எண்ணூறு, இருநூறு எல்லாம் மெஷினின் சொந்த டிஸ்க் காட்டுகிற அளவு. எனக்கு விஜயதசமி அன்று காலையில் நடந்தது ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தது. நல்ல நேரம், பொரி, மானகிரியிலிருந்து வந்த போன். முதல் காரியமாகப் பென் டிரைவைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

அவருக்கு விளக்கிச் சொன்னேன். கல்யாண வீட்டில் தரையில் ஒரு தோடு விழுந்து கிடக்கிறது, அதைப் பார்க்காமல் யாரோ ஜமுக்காளத்தை விரித்துவிடுகிறார்கள். தோடு எங்கும் போகவில்லை, ஆனால் ஜமுக்காளத்தின் மேல் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. மின்தடை முடிந்து நான் சர்வரை முறையாகப் பொருத்தினேனே, அதுதான் விரித்த ஜமுக்காளம். இதுவரை நான் தேடியது எல்லாம் அதன் மேலேதான். சொல்லிக்கொண்டே மூன்றாம் மெஷினிலிருந்து சர்வரின் டிஸ்க்கைக் கழற்றினேன். கழற்றுவதற்கு ஒரு வரி கட்டளை போதும். அந்த ஒரு வரியை மூன்று தடவை தப்பாக அடித்து, நாலாவது தடவை சரியாக அடித்தேன்.

‘பொது’வைத் திறந்தோம். டீச்சரின் பெயரில் ஒரே ஒரு ஃபோல்டர் இருந்தது.

அவர் அழவில்லை, என்னைத் திட்டவும் இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து நோட்டின் முதல் பக்கத்தைப் பிரித்தார். முதல் நாள் கணக்கின் ஃபைலைத் திறந்து, நோட்டில் எழுதியிருந்த மணியோடு ஒத்துப் பார்த்து, பென்சிலால் ஒரு டிக் போட்டார். அடுத்தது. அதற்கு அடுத்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் நான் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தேன். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தபோது அவர் திரும்பாமலே சொன்னார்.

“மொதல்ல இத வேற எடத்துல காப்பி எடுங்க சார். மத்தத அப்பறம் பேசுவம்.”

சர்வரில் ஒன்று, தனி டிஸ்க்குகளில் இரண்டு என்று மூன்று காப்பி எடுத்தேன். நான்காவதாக ஒன்று எடுக்கட்டுமா என்று நானே கேட்டேன்.

இத்தோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். திங்கட்கிழமை மேடத்துக்குச் செய்தி போனது. ஃபைல்கள் கிடைத்துவிட்டன, சர்வர்காரர்தான் கண்டுபிடித்து எடுத்தார் என்று அது எப்படியோ உருண்டு திரண்டு போயிருந்தது. துறைத்தலைவர் கூப்பிட்டுவிட்டார். போனால், ஆசிரியர்கள் அறையில் எல்லாரும் இருந்தார்கள். தொலைந்துபோன ஐந்து மாத உழைப்பை மீட்டுக்கொடுத்தவர் என்று நாலு வார்த்தை பேசி எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். சித்திரை வெயிலில் அந்த ஜரிகை கழுத்தை அறுத்தது. உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைத்திருக்காது. நான் கும்பிட்டுவிட்டு, நம்ம கடமைதானே என்றேன். எல்லாரும் கை தட்டினார்கள். கதவோரம் நின்ற டீச்சரும் தட்டினார்.

ஏன் வாய் திறக்கவில்லை என்று கேட்டால், பயம்தான். இன்னும் இரண்டு கல்லூரிகளில் இதே வேலைக்குப் பேசிக்கொண்டிருந்தேன். சர்வரைப் பொருத்த மறந்தவன் என்று பேர் வந்தால் யார் கூப்பிடுவார்கள்? ஃபைல்தான் கிடைத்துவிட்டதே, அவருக்கும் நல்லது, எனக்கும் நல்லது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

புதன்கிழமை டீச்சர் என் கடைக்கே வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. ஃபைலை எல்லாம் குழுவுக்குக் காட்டப் போகிறேன், ஆனால் உங்கள் கடிதமும் என் கோப்பில் இருக்கிறது, எந்த நாளிலும் இருந்ததில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, இப்போது இருக்கிற ஃபைல் எப்படி வந்தது என்று கேட்பார்கள், என்றார். அது எனக்குத் தோன்றவே இல்லை. உங்கள் கடிதத்துக்கு அப்புறம் நானே உட்கார்ந்து தயாரித்தது என்றுகூட அவர்கள் சொல்லலாம் அல்லவா என்றார். குரல் உயரவில்லை. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிற மாதிரி வரிசையாகச் சொன்னார்.

உடனே கம்ப்யூட்டரில் ஒரு கடிதம் அடித்தேன். தொழில்நுட்பக் கோளாறு காரணமாக மேற்படி ஃபைல்கள் மறைந்திருந்தன, தற்போது மீட்கப்பட்டன என்று எழுதிப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். எனக்கே கச்சிதமாகத் தோன்றியது. அவர் இரண்டு தடவை படித்துவிட்டு, மேசைமேல் என் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

“ஃபைல் தானா போயி மறஞ்சுக்கிருச்சா சார்?”

நான் அந்தத் தாளை எடுத்து மறுபடி படித்தேன்.

“மொதக் கடுதாசியில எம் பேரு இருந்துச்சு. யாரு தப்புன்னு ரெண்டு தெரு தள்ளி நிக்கிறவனுக்கும் புரியிற மாதிரி எழுதியிருந்தீக. இதுல பேரே இல்லையே. அதே மாதிரி எழுதிக் குடுங்க, போதும்.”

கடையில் ஜெராக்ஸ் எடுக்க ஒருவர் நின்றுகொண்டிருந்தார். அவரை என் மனைவி கவனித்துக்கொண்டாள். நான் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, லெட்டர்பேடில் கையாலேயே எழுதினேன். விஜயதசமி அன்று மூன்றாம் மெஷினைச் சர்வரோடு பொருத்த நான் மறந்துவிட்டேன். வெற்று ஃபோல்டரைப் பூட்டாமல் விட்டதும் நான்தான். ஃபைல்கள் முதல் நாளிலிருந்து அந்த மெஷினில் இருந்தன, அதற்கு அவருடைய நோட்டே சாட்சி. அந்த நோட்டைப் பார்க்கச் சொல்லி அவர் கேட்டபோது நான் பார்க்கவில்லை. பார்க்காமலே முதல் கடிதத்தை எழுதினேன். ஃபைல்களைக் கண்டுபிடித்தது நான் அல்ல, அவர். என் பெயர், கையெழுத்து, சீல்.

அவர் படித்தார். மடித்து நோட்டுக்குள் வைத்துக்கொண்டு, வாரேன் சார் என்று சொல்லிவிட்டுப் போனார்.

குழு கூடியது. அவர் கணக்குகளைச் சரிபார்த்து ஒப்புக்கொண்டார்கள். ஜூனில் டீச்சர் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பி, அடுத்த வருடம் பட்டமும் வாங்கிவிட்டார். இரண்டு கல்லூரிகளில் ஒன்று என்னைக் கூப்பிடவே இல்லை, காரணம் இதுவாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். மேடம் மட்டும் ஒரு நாள் போன் செய்தார். நானும் அந்த நோட்டைப் பார்க்காமல்தானே இருந்தேன் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். டீச்சரை எப்போதாவது கடைத்தெருவில் பார்ப்பேன். நின்று, வீட்டில் எல்லாரும் சுகமா என்று விசாரிப்பார். அண்ணே என்ற வார்த்தை திரும்பி வரவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

இன்றைக்கும் யாராவது ஃபைலைக் காணோம் என்று வருகிறார்கள், நானும் தேடுகிறேன், சில நேரம் கிடைப்பதில்லை. அப்போது ‘இல்லை’ என்று எழுதக் கை போகும், நிறுத்திக்கொண்டு, ‘நான் தேடிய இடங்களில் இல்லை’ என்று எழுதுகிறேன், எழுதிவிட்டு எதிரே இருப்பவரிடம் இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று கேட்கிறேன்.